கழற்றி வைத்த பெயர்

டயரைப் பூட்ஸ் நுனியால் ஒரு தட்டு. கண்ணாடியில் படிந்த செம்மண்ணைச் சட்டைக் கையால் ஒரு துடைப்பு. ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் பின்னால் திரும்பி ஆள் எண்ணுகிறார். வேனில் இருப்பது நாலைந்து கிழடுகள்தான். தோரணை என்னவோ படையை நகர்த்துகிற தோரணை.

"பட்டாளம் ரெடியா?"

"நாங்க எப்பவோ ரெடி. உன் எஞ்சின்தான் இன்னும் இருமிக்கிட்டு இருக்கு" என்று பின்சீட்டிலிருந்து வெட்டுவாள் பெரில் அக்கா.

பாலைவனத்துப் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து டயாலிசிஸ் ஆட்களை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவருவது அவர்தான். வெயில் ஏற ஏற, எதிரே சாலை தண்ணீராக மினுங்கும். மலைகள் தரையை விட்டு எழும்பி மிதக்கும். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அவர் மட்டும் எதையோ காது கொடுத்துக் கேட்டபடி ஓட்டுவார். வியட்நாம் காட்டில் படைக்கு முன்னால் தனியாக நடந்து வழி பார்த்தவர். இலை அசைந்தது காற்றாலா ஆளாலா என்று காதாலேயே சொல்வாராம். அப்புறம் வெகுகாலம் வடக்குக் கரையோரக் காவல். இன்றைக்கும் ஊரில் அடிதடி என்றால் போலீசுக்கு முன்னால் அவருக்குத்தான் ஆள் ஓடும். போய் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து டீ கேட்பார். "சர்க்கரை தாராளமா போடு. சண்டையை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். டீ ஆறுவதற்குள் பாதிச் சண்டை ஆறிவிடும்.

அவருக்குப் பெயர் கிடையாது. இருந்தது, கழற்றி வைத்துவிட்டார். பெரில் அக்காவின் தம்பிக்கும் அதே பெயர்; இருவரும் ஒன்றாகத்தான் பட்டாளத்தில் சேர்ந்தார்கள். காலையில் ஆஜர் எடுக்கும் சார்ஜன்ட் அந்தப் பெயரை ஒரே தடவைதான் கத்துவார். முதலில் அக்காவின் தம்பி "இருக்கேன்" என்பான். அது அடங்கியபின் இவர் சொல்வார். அவன் காட்டிலிருந்து திரும்பவில்லை. அந்த மக்கள் வழக்கப்படி, செத்தவர் பெயரை வீட்டார் துக்கம் முடித்து விடுவிக்கும்வரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. அதே பெயர்க்காரரும் அதுவரை 'குமஞ்சாயி'தான். அப்படிப்பட்ட எல்லோருக்கும் அங்கே அதுதான் மாற்றுப் பெயர். மற்ற வீடுகளில் சில வருஷத்தில் விடுவித்துவிடுவார்கள். பெரில் அக்கா விடவேயில்லை. இவரும் கேட்கவேயில்லை.

"அக்காவோட துக்கம். அக்கா எப்ப எறக்கி வைக்குதோ அப்பத்தான்" என்பார்.

இந்த வருஷம் நகரத்துப் போர் நினைவுக்கல்லில் விட்டுப்போன அக்கா தம்பியின் பெயரைச் செதுக்குகிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். அடேயப்பா, இப்போதாவது தோன்றியதே! பதக்கத்தோடு திரும்பிய இவரையே, பழங்குடி ஆள் என்று, அதே நகரத்து மதுக்கடை வாசலில் மறித்து அனுப்பியதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. "அக்கா சொன்னாத்தான் கல்லு" என்று அவர் அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் அவருடைய ஏக்கம் ஊருக்கே தெரியும். ஆட்களை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு, அந்தக் கல்லுக்கு எதிரேதான் வண்டியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நேற்றுத் திரும்பும்போது அக்கா துவண்டுபோய் ஜன்னலில் சாய்ந்திருந்தாள். கல்லைக் கடக்கையில் கண்ணைத் திறந்து பார்த்தாள். மலைகள் மிதக்கத் தொடங்கிய இடத்தில் சொன்னாள்:

"எனக்கும் நாள் நெருங்குது. நானும் போயிட்டா அவன் பேரை வெளியே விட ஆளில்ல. செதுக்கச் சொல்லு."

ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு, கூப்பிட்டாள்.

"டெஸ்மண்ட்!"

வேனில் தூங்கியவர்களெல்லாம் விழித்துக்கொண்டார்கள். அவர் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். இன்னொருவன் முதலில் பதில் சொல்லி முடிக்கிற நேரம் காத்திருந்தார். அப்புறம் வலது கையை உயர்த்தி, "இருக்கேன்க்கா" என்றார்.