சிவப்புக் குதிகால்

அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேன் ஆயா வேலை. திருச்சுழிப் பக்கத்துக் கிராமங்களில் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும். ஆண்டு விழா நெருங்கினால் ஆட்டப் பயிற்சி நடக்கும், வேன் பிந்தித்தான் கிளம்பும். அதுவரை நானும் ஹாலில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பேன். ஆயா என்றால் தரையில்தான் உட்கார வேண்டும் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டார்கள்.

போன வருசம் ஆடியது பிரான்சு தேசத்து ராசா கதை. மதுரையிலிருந்து வந்த டான்ஸ் டீச்சர் பிள்ளைகளுக்குச் சொன்னதை நானும் கேட்டேன். அந்த ராசாவே சபையில் ஆடுவானாம், சரிகை உடுத்தி, சூரியன் வேசம் கட்டி. பாலே என்கிறார்களே, பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி வைத்து ஆடுவது, அது பெரிதாக வளர்ந்தது அவன் அரண்மனையில்தானாம். கத்தியைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வரக்கூடிய பிரபுக்களை எல்லாம் அவன் தன் பக்கத்திலேயே கூட்டி வைத்துக்கொண்டான். என்ன சட்டை, என்ன ரிப்பன், யாருக்கு எவ்வளவு குனிவது, இதிலேயே அவர்கள் பொழுது போனது. செருப்பில் சிவப்புக் குதிகால் வைக்க ராசாவின் சம்மதம் வேண்டும்.

"சம்மதம் இல்லாமப் போட்டா அடிப்பாகளா டீச்சர்?" என்று கேட்டேன்.

"அடிக்கெல்லாம் மாட்டாங்க ஆயாம்மா. ராசா முகம் குடுத்துப் பேச மாட்டாரு, அவ்வளவுதான்."

"அது பெரிய எடத்து ஆளுகளுக்கு. கீழ உள்ளவன் போட்டா?"

டீச்சர் பாட்டைப் போடப் போய்விட்டாள்.

எனக்குப் பதில் தெரியும். எங்கள் தெருக்காரர்கள் அந்தக் காலத்தில் மேலத்தெருக்காரர்களின் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். எங்கள் அய்யா ஒருநாள் புதுத் தோல் செருப்போடு மேலத்தெரு வழியாக வந்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன். வேப்பமரத்தில் கட்டி வைத்து அந்தச் செருப்பாலேயே அடித்தார்கள். வார் அறுந்தது. அறுந்த பிறகும் அடித்தார்கள். அய்யா பல்லைத் துப்பினார், அழவில்லை. நானும் அழவில்லை.

இப்போது எங்கள் தெருவில் நர்சு இருக்கிறாள், லாரி வைத்திருப்பவன் இருக்கிறான். எங்கள் தெருப் பிள்ளை ஒருத்திக்குத்தான் டீச்சர் ராசா வேசம் கொடுத்தாள், நன்றாக ஆடுகிறாள் என்று. ராசாவின் முன் மண்டியிட்டுச் செருப்பு ரிப்பனைக் கட்டும் பிரபு வேசம் மேலத்தெருப் பிள்ளைக்கு. இரண்டும் ஒரே வகுப்பு, வேனில் ஒரே சீட்டு.

"ராசாவே, காலச் சீக்கிரம் நீட்டுங்க. முட்டி தேஞ்சு போச்சு" என்பாள் பிரபு.

"பிரபு, முடிச்ச ஒழுங்காப் போடும். இல்லாட்டிச் சிவப்பு ஹீல்ஸ் கெடையாது."

"போடி, ஒன் காலு நாறுது."

இந்தச் சிரிப்பாணியைப் பிரபு வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் சாயங்காலம் கண்மாய்க்கரைத் திருப்பத்தில் அவள் அப்பன் பைக்கைக் குறுக்கே போட்டு வேனை மறித்தான். கூட இரண்டு பேர், அவர்கள் கையில் கருவேலங்கட்டையும் அரிவாளும்.

"ஏ கெழவி, அந்த ராசாவ எறக்கிவிடு. எம் மக எவ கால்ல விழுந்தான்னு நான் பாக்கணும்."

"அது வேசம்யா. பள்ளிக்கூடத்துல ஆடுறது."

"எங்க வீட்டுப் பிள்ள கும்புடுறதுக்கு ஒங்க தெருவுல ஒரு ராசா கேக்குதோ?"

"கேக்குது. ஒம் மக அவள விட நல்லா ஆடட்டும், அவ ராசாவா இருந்துட்டுப் போறா."

கதவை மறித்து நின்ற என் வலது மணிக்கட்டில் கட்டை இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. உள்ளே அவன் மகள், "வேணாம்ப்பா, வேணாம்ப்பா" என்று கத்தினாள். இன்னொருவன் சன்னலை உடைத்தான். கண்ணாடிச் சில்லு ராசாவின் புருவத்தைக் கிழித்து, ரத்தம் சீருடையில் கொட்டியது. ராசா வேசத்துச் செருப்பு இருந்த பையைப் பிடுங்கி, சிவப்புக் குதிகால் இரண்டையும் மைல் கல்லில் வைத்து வெட்டினார்கள்.

டயர் மாற்றுகிற இரும்புக் கம்பி சீட்டுக்கு அடியில் கிடந்தது. இடது கையால் எடுத்தேன். அந்த அப்பன் உள்ளே கால் வைத்ததும் முழங்காலில் போட்டேன். விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், இன்னொன்று போட்டேன். நல்ல அடி. மற்ற இருவரும் அவனைத் தூக்கி வண்டியில் வைத்துக்கொண்டு ஓடினார்கள். டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.

மாவுக்கட்டோடு போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். பள்ளித் தாளாளர் எங்களைக் கூப்பிட்டார்.

"பிரச்சன வேணாம். ராசாவையும் பிரபுவையும் மாத்திப் போட்டுருவோம்."

புருவத்தில் தையலோடு நின்ற எங்கள் பிள்ளை சொன்னாள்: "ஆடத்தான் சார் நான் வந்தேன். ராசான்னா வாரேன். இல்லாட்டி வேற ஆளப் பாருங்க."

"இவ ஆடலன்னா நாளையிலேர்ந்து எங்க தெருப் பிள்ளைக ஒண்ணுகூட இந்த வேன்ல ஏறாது" என்றேன் நான். டீச்சர் தானும் மதுரைக்குக் கிளம்புவதாகச் சொன்னாள். தாளாளர் சரி என்றார்.

விழாவன்று பிரபு வரவில்லை. அவளை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். அவள் முதுகில் பெல்ட் தடம் இருந்ததை வேறொரு பிள்ளை வந்து சொன்னாள். ராசாவுக்குச் செருப்பும் இல்லை. வெறுங்குதிகாலில் டீச்சர் சிவப்புச் சாயம் பூசி, ரிப்பனை மட்டும் கையில் கொடுத்தாள்.

பாட்டில் அந்த இடம் வந்தது. ராசா காலை நீட்டினாள். கட்டிவிட ஆளில்லை. பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. நீட்டிய கால் நடுங்கவே இல்லை. பிறகு அவளே குனிந்து ரிப்பனைத் தன் கணுக்காலில் கட்டி, நிமிர்ந்து ஆடினாள். அப்படி ஓர் ஆட்டத்தை நான் பார்த்ததில்லை. யார் மீதோ ஏறி மிதிப்பதைப் போல ஆடினாள்.

பிள்ளைகளோடு வெளியே வந்தேன். ஜாமீனில் வந்திருந்த அந்த அப்பன் கேட்டுக்கு எதிர்ப்பக்கம் கம்பை ஊன்றி நின்றான்.

"இது இதோட முடியாது கெழவி."

"யாரு முடியும்னா? ஒத்தக் காலு இன்னும் நல்லாத்தான இருக்கு ஒனக்கு. வா."

எல்லாப் பிள்ளைகளும் ஏறியதும் கதவைச் சாத்தினேன். டிரைவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"கண்மாய்க்கர வேணாம், பந்தல்குடி வழியாச் சுத்திப் போயிருவமாக்கா?"

"எதுக்கு? பிள்ளைக பசியோட இருக்குதுக. நேரா விடு" என்றேன்.