அஞ்சலையை லீவு போடச் சொன்னேன்

கிளியனூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் கணக்கு டீச்சர். ஏழாம் வகுப்பில் நன்றாகப் படிப்பவர்களும் கூட்டலுக்கே திணறுபவர்களும் ஒரே அறையில்தான். அதனால் நன்றாகப் படிக்கும் பிள்ளை பக்கத்தில் மெல்லக் கற்கும் பிள்ளையை உட்காரவைப்பேன். அப்படித்தான் பிரியா பக்கத்தில் அஞ்சலை உட்கார்ந்தாள்.

போன வருடம் கல்வி அதிகாரி வகுப்பைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முந்தின நாள் அஞ்சலையைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுக்கம்மா" என்றேன்.

"சரிங்க மிஸ்" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் அதிகாரி பலகையில் ஒரு பின்னக் கணக்கை எழுதி, "யார் போடறீங்க?" என்று கேட்டார். பிரியா எழுந்தாள்.

"சார், இத அஞ்சலை சூப்பரா போடுவா. ஒரு மாசமா நான் சொல்லிக் குடுத்துக்கினு இருக்கேன், இப்பல்லாம் தப்பே வர்றதில்ல. இன்னிக்குன்னு பாத்து அவ வரல சார்."

அந்த ஒரு மாதமும் அஞ்சலையின் நோட்டை நான் திறந்தே பார்க்கவில்லை. திருத்தியதும் பிரியாதான்.

அதற்கப்புறம் அஞ்சலை பள்ளிக்கே வரவில்லை. வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை அம்மாவோடு உரித்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"படிப்பு வராதவ எதுக்கு ஸ்கூலுக்குன்னு அழுவுறா மிஸ். நான் என்னா பண்ணட்டும்?" என்றார் அவள் அம்மா. மூன்று முறை போயும் அவள் வெளியே வரவேயில்லை.

இப்போது எல்லா நோட்டையும் நானே திருத்துகிறேன். யார் பார்வைக்கு வந்தாலும் ஒரு பிள்ளையையும் லீவு போடச் சொல்வதில்லை.

பிரியா எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள். இன்னும் பெஞ்சில் ஓர் ஆளுக்கு இடம் விட்டுத்தான் உட்காருகிறாள்.