கடைசியிலை எழுதின மணற்காடு

ஒருநாள் பயணத்துக்குத் திட்டம் போடுறதெண்டால் எனக்குச் சாப்பாடும் வேண்டாம். நல்லூரிலை ஒரு ரியூசன் கொட்டிலிலை பூமிசாத்திரம் படிப்பிச்ச காலம். சண்டையாலை பெற்றோல் இல்லை, கரண்ட் இல்லை. சைக்கிளும் காலும் இருந்தது. கொப்பி ஒற்றையைக் கிழிச்சு, எத்தினை மணிக்கு எந்தச் சந்தி, எங்கை தண்ணி குடிக்கிறது, எந்த இடத்திலை எவ்வளவு நேரம் நிக்கிறது எண்டெல்லாம் எழுதி வைச்சிடுவன். எழுதினபடி போகாட்டி எனக்கு விசர் வரும். "இவளோடை போறதும் சோதினைக்குப் போறதும் ஒண்டு" எண்டு பெட்டையள் நக்கலடிப்பினம்.

அதே கொட்டிலிலை கணக்குப் படிப்பிச்சவள் குருநகர்ப் பெட்டை, கத்தோலிக்க வேதக்காரி, என்ரை உயிர்ச் சிநேகிதி. அவளின்ரை தாய் மணற்காட்டுக்காரி. வடமராட்சிக் கரையிலை மணல் மேடு மேடாக் குவிஞ்சு கிடக்கிற ஊர் அது. எங்கடை பாலைவனம் எண்டுதான் நாங்கள் சொல்லுறது. பழைய தேவாலயம் ஒண்டை மணல் மூடி, சுவர் மட்டும் வெளியிலை நிக்குது. தாய் செத்தபோது இவளுக்குப் பத்து வயசு. அங்கத்தைச் சேமக்காலையிலைதான் அடக்கம். ஒரு மரச்சிலுவை நட்டுவிட்டதோடை சரி. சரியான இடம் தெரிஞ்சது தாய்மாமனுக்கு மட்டும்.

கொழும்பாலை கனடாவுக்குத் தமையனிட்டைப் போக, ஊரை விட்டு வெளிக்கிட இயக்கத்தின்ரை பாஸ் அவளுக்குக் கிடைச்சுது. வெளிக்கிட மூண்டு நாள் இருக்கேக்கை என்னட்டை வந்தாள்.

"எடி, போக முதல் அம்மாட்டை ஒருக்காப் போகவேணும். மாமா பின்னேரம் மூண்டு மணிக்குக் கடலுக்கு இறங்கிடுவார். அதுக்கு முதல் போகவேணும், என்ன?"

"ஓம் ஓம், என்னட்டை விட்டிட்டுச் சும்மா இரு" எண்டன்.

எழுதத் தொடங்கினால் என்ரை ஆசை அடங்குமோ? அவ்வளவு தூரம் சைக்கிள் உழக்கிறது ஒரே ஒரு இடத்துக்கோ? தொண்டைமானாத்துச் சந்நிதி, பருத்தித்துறை வெளிச்சவீடு, வல்லிபுரக்கோயில், பேந்து மணற்காடு. சேமக்காலைக்குப் போனால் துடக்கு, முழுகாமல் கோயில் வாசல் மிதிக்கக்கூடாதெண்டு அம்மா சின்னனிலை இருந்து மண்டையிலை ஏத்தி வைச்சிருந்தா. அதாலை கோயில் முதல், சேமக்காலை கடைசி. ஒற்றையைப் பாத்திட்டு, "முதல் அங்கை போனால் என்ன?" எண்டு கேட்டாள்.

"துடக்கோடை என்னைச் சந்நிதிக்குள்ளை போகச் சொல்லுறியோ?" எண்டு சிரிச்சன். அவள் ஒற்றையை மடிச்சு என்ரை கையிலை தந்திட்டாள்.

சந்நிதியிலை மத்தியானப் பூசை பிந்திப்போச்சு. அன்னதானம் சாப்பிடாமல் வாறதோ எண்டு அதுக்கும் நிண்டன். அவள் வெளியிலை ஆத்தங்கரைப் பக்கம் சைக்கிளைப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். கையிலை ஒரு பை, அதுக்குள்ளை ரண்டு மெழுகுதிரி. அந்த நாளிலை மெழுகுதிரி எங்கை கிடைச்சுது? குப்பி விளக்கோடை இருந்து மிச்சம் பிடிச்சு வைச்சவள். வெளிச்சவீட்டடியிலை நான் நிண்டு கடலைக் காட்டிப் பாடமெடுத்தன். "மணி என்ன?" எண்டு கேட்டாள். கொஞ்சத்தாலை திரும்பவும் கேட்டாள்.

"ஐயோ, உன்ரை மாமா எங்கையும் ஓடிப்போகமாட்டார்!" எண்டு பாய்ஞ்சு விழுந்தன்.

வல்லிபுரத்திலை நடை சாத்தியாச்சு. எண்டாலும் விட்டனோ? வெளிவீதியைச் சுத்திக் கும்பிட்டுப்போட்டுத்தான் வந்தன்.

மணலுக்குள்ளை சைக்கிளைத் தள்ளி மாமா வீட்டடிக்குப் போகேக்கை நாலு மணியாகப் போகுது. மாமி படலைக்கு ஓடி வந்தா. "இப்பதான் பிள்ளை வள்ளம் தள்ளினவை. பாத்துப் பாத்து நிண்டவர்." கடலிலை தூரத்திலை ஒரு வள்ளம் தெரிஞ்சுது. "எனக்கு இடம் தெரியாதணை. போன சோளகக் காத்துக்குச் சிலுவையளையும் மணல் மூடிப்போட்டுது. அவருக்குத்தான் ஏதோ குறிப்புத் தெரியும்" எண்டா.

சேமக்காலை எண்டு சொல்ல ஒண்டுமில்லை, வெறும் மணல். அவள் முழங்காலிலை இருந்து கையாலை கிளறினாள். எழும்பி வேறை இடத்திலை கிளறினாள். நான் என்ன செய்தன் தெரியுமோ? மணிக்கூட்டைப் பாத்தன். இருட்ட முதல் திரும்பிற வழியிலை வல்லைவெளி தாண்டவேணும் எண்டன். அவள் ஏதோ ஒரு இடத்திலை மெழுகுதிரியைக் குத்திக் கொழுத்தினாள். காத்து அணைச்சுப்போட்டுது. திரும்பக் கொழுத்தினாள், திரும்பவும் அணைஞ்சுது. "எங்கை இருந்தாலும் அம்மாவுக்குக் கேக்கும்தானே" எண்டாள். வழி முழுக்க ஒரு சொல் என்னை ஏசேல்லை. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலா இருந்திருக்கும்.

அடுத்தநாள் காலமை கிணத்தடியிலை முழுகேக்கைதான் என்ரை மூளை வேலை செய்தது. முதல் மணற்காட்டுக்குப் போய், அந்த மாமி வீட்டுக் கிணத்திலை நாலு வாளி தலையிலை வாத்திருந்தால் துடக்குப் போச்சு. செத்தவீட்டுக்குப் போட்டு வந்து நாங்கள் செய்யிறது அதுதானே? ஒரு மாத்துடுப்புக் கொண்டுபோனால் காணும். அது கூட எனக்குத் தோன்றேல்லை. மூதேவி, நீயெல்லாம் ஒரு ரீச்சரோ எண்டு என்னை நானே பேசினன்.

கனடாவிலை இருந்து கடிதம் வந்துது. மாமாவோடை ஒருக்காப் போய் இடத்தைப் பாத்து எழுதச் சொல்லி. வாற ஞாயிறு, வாற ஞாயிறு எண்டு தள்ளிக்கொண்டே வந்தன். அதுக்கிடையிலை மாமா காய்ச்சலிலை செத்துப்போனார். அந்தச் செய்தியை எழுத எடுத்த பேனையாலை இல்லாததையும் சேத்து எழுதினன். மாமா சாக முதல் என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினவர், சவுக்கு மரத்தடி, சிலுவை அப்பிடியே கிடக்கு, நான் மெழுகுதிரி கொழுத்தினனான். அவளுக்காகத்தான் பொய் சொன்னன் எண்டு கன காலம் நினைச்சிருந்தன். இல்லை, எனக்காகத்தான். "இப்பதான் நித்திரை வருது" எண்டு பதில் போட்டாள்.

தொண்ணூற்றைஞ்சிலை நாங்களும் ஊர் விட்டு ஓடி, பேந்து திரும்பி வந்தம். நான் இண்டுவரைக்கும் அந்த மணலிலை கால் வைக்கேல்லை. போன கிழமை அவள் ரெலிபோன் எடுத்தாள். வாற ஆடியிலை மகளோடை வாறாளாம், தாயின்ரை இடத்தை மகளுக்குக் காட்டவேணுமாம்.

"மாமியும் செத்துப்போனா. அம்மா கிடக்கிற இடம் தெரிஞ்ச ஆள் இப்ப உலகத்திலை நீ ஒருத்திதானடி" எண்டாள்.

ஓம் எண்டன்.