கை தூக்காத வகுப்பு

இன்ஸ்பெக்ஷன் வருகிறதென்றால் எங்கள் நடுநிலைப் பள்ளியில் ஓர் ஏற்பாடு உண்டு. பதில் தெரிந்த பிள்ளை வலக்கையைத் தூக்கும். தெரியாதது இடக்கையைத் தூக்கும். வந்த அதிகாரிக்கு வகுப்பு முழுக்கக் கையாகத் தெரியும். நாங்கள் வலக்கையாகப் பார்த்து எழுப்பிவிடுவோம். ராஜபாளையத்துக்கு வெளியே, மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்குப் படுக்கிற ஊர் அது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வேலைக்குப் போன எனக்கும் இந்த வித்தை தண்ணீர் பட்ட பாடு.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஆசிரியர் பரிமாற்றம் என்று என்னை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். "கடல் தாண்டிப் போயி இன்னும் என்னத்தப் படிக்கப் போறீக?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். குளிரில் பல் தந்தியடிக்க, அங்கே ஒரு வகுப்பின் கடைசியில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கேட்ட கேள்விக்குப் பாதிக் கைகள் கீழேயே கிடந்தன. ஒரு முகத்திலும் பயமில்லை. மணி அடிக்குமுன் அந்த டீச்சர் மேசைமேல் உட்கார்ந்து, "இனி நீங்கள் என்னைக் கேளுங்கள்" என்றார். அடேயப்பா, இது நமக்குத் தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தன.

திரும்பியதும் எட்டாம் வகுப்பில் அதையே தொடங்கினேன். முதலில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் இருந்தார்கள். பிறகு பிடித்துக்கொண்டார்கள். "டீச்சர், அந்தக் குளுருல நீங்க சேலையா கட்டுனீக?" என்பதிலிருந்து, செண்பகத்தோப்பு மலையில் பெய்கிற மழை நம் ஊருக்கு ஏன் வரவில்லை என்பதுவரை கேட்டுத் துளைத்தார்கள்.

அந்த வருஷத்து இன்ஸ்பெக்ஷன் லேசுப்பட்டதல்ல. எங்களுக்கு ஒன்பதாம் வகுப்பு தரலாமா என்று பார்ப்பதற்காக வந்தது. ஒன்பதாவது படிக்க டவுனுக்கு பஸ்ஸில் போகவேண்டும். வயசுக்கு வந்த பிள்ளையை யாரும் அனுப்பமாட்டார்கள். நேரே மில்தான். என் வகுப்பில் வாயாடி ஒருத்தி, கெட்டிக்காரி. மில் தொழிலாளியான அவள் அப்பா சொல்லிவிட்டார்: "இங்கயே ஒம்பதாவது வந்தா படிக்கட்டும் டீச்சர். இல்லேன்னா எங்கூட வேலைக்கு வரட்டும்."

தலைமை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். "சீமைப் பழக்கத்தையெல்லாம் நாளைக்கு மூட்ட கட்டி வைங்க டீச்சர். வலக்கை, இடக்கை. ஞாபகம் இருக்குல்ல?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "பிள்ளைகளுக்கு அது மறந்துபோச்சு சார்."

மறுநாள் அதிகாரியின் கேள்விக்கு நாலைந்து கைகள்தான் எழுந்தன. தலைமை ஆசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி கிளம்புகிற நேரத்தில் வாயாடி எழுந்து நின்றாள். "சார், நாங்க ஒண்ணு கேக்கலாமா? ஒம்பதாவது வரலேன்னா நாங்க எங்க போயி படிக்க?"

அவர் ஃபைலை மூடினார். "பாப்போம்மா" என்று போய்விட்டார்.

அந்த ஜூனில் ஒன்பதாவது வரவில்லை. அவள் மில்லுக்குப் போனாள். தலைமை ஆசிரியர் என்னோடு பேச்சை நிறுத்தினார். வலக்கை, இடக்கை என்றே விட்டிருக்கலாமோ என்று எனக்குக் குறுகுறுத்தது. அடுத்த ஜூனில்தான் உத்தரவு வந்தது.

சேர்க்கையன்று ஷிப்ட் முடிந்து, தலையெல்லாம் பஞ்சோடு, எட்டாவது முடித்த தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அவள் வந்தாள். தங்கச்சியைச் சேர்த்தாயிற்று. அவள் நகரவில்லை.

"சார், நானும் சேரலாமா?"

"ஒரு வருசம் போயிருச்சேம்மா" என்று தலைமை ஆசிரியர் இழுத்தார்.

"போனா என்ன சார், பாடம் எங்கயும் போயிரலைல்ல?"

பெயர்கூட மறந்துபோன அந்தச் சீமை டீச்சரை மனசுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

"ஒங்க அப்பாகிட்ட கேட்டியா?"

"கேட்டேன் சார். இங்கயே ஒம்பதாவது வந்தா படிக்கட்டும்னு சொன்னது நீங்கதானன்னு. அவுகளுக்குப் பதில் சொல்லத் தெரியலை."

தலைமை ஆசிரியர் பேனாவைத் திறந்தார்.