ரிவர்ஸ் அண்ணன் பூட்டிய கதவு

என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருஷமாகக் கார் ஓட்டுகிறார். ஒரு நாள்கூட கேட்டைத் தாண்டி ஓட்டியதில்லை. லைசென்ஸ் கிடையாது. மூன்றாவது கியர் எப்படியிருக்கும் என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பார். ஐந்து மாடிக் குடியிருப்பு ஒன்றின் கீழ்த்தளத்தில் கார்களை நிறுத்தி எடுத்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. இருபத்துநான்கு கார் நிற்க வேண்டிய இடத்தில் முப்பத்தெட்டு நிற்கிறது. ஒன்றை எடுக்க மூன்றைப் பின்னால் நகர்த்த வேண்டும். அதனால் எல்லாக் கார்ச் சாவியும் அவரிடம்தான் இருக்கும். வாசலில் ஒரு பலகையில் வரிசையாக ஆணி அடித்து மாட்டியிருப்பார். சின்னது பெரிசு எல்லோருக்கும் அவர் ‘ரிவர்ஸ் அண்ணன்’. பெற்றவர்கள் வைத்த பெயர் எனக்கே சட்டென்று வாயில் வராது.

நான் அதே கீழ்த்தளத்தில், மாடிப்படிக்குப் பக்கத்தில் மேசை போட்டு இஸ்திரி போடுகிறேன். இருபத்திரண்டு வருஷமாக வீட்டிலும், பத்தொன்பது வருஷமாக வேலையிலும் ஒரே மூஞ்சியைப் பார்க்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்? நான் வாயாடி. அவர் அப்படியில்லை. தூக்கத்தில் “வா வா வா... போதும்” என்று ஏதோ ஒரு காரை ஓரங்கட்டுவாரே தவிர, முழித்திருக்கும்போது நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது. காருக்கு அடியில் பூனை படுத்திருக்குமோ என்று ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார். அந்தக் குணத்துக்காகத்தான் நான் இவரோடு குப்பை கொட்டுகிறேன் என்று நினைக்கிறேன்.

கட்டடத்துக்குப் பின்னால் மலையிலிருந்து இறங்கி வரும் ஓர் ஓடை இருந்தது. மலைச்சரிவில் மரத்தையெல்லாம் வெட்டி வீடும் ரோடுமாகப் போட்ட பிறகு, மண் குடிக்க வேண்டிய தண்ணீர் சிமெண்டில் வழுக்கிக்கொண்டு நேரே இறங்கி வர ஆரம்பித்தது. வருகிற தண்ணீருக்கு வழியைப் பெரிதாக்குவார்கள் என்று பார்த்தால், ஓடைக்கு மூடி போட்டு அதன்மேல் ரோடு போட்டார்கள். அடியில் இரண்டே குழாய். அந்தக் குழாய் வாயில் கிழிந்த மெத்தை, இடித்த சுவரின் கல், ஊர்க் குப்பை எல்லாம் அடைத்துக்கொண்டு கிடந்தது. டீ குடிக்கப் போகும்போதெல்லாம் இவர் அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பெரிய மழை வந்தால் இதற்குள் எப்படித் தண்ணீர் போகும் என்று கேட்பார். ஊர்க் கவலை உங்களுக்கு எதற்கு, போய் ரிவர்ஸ் எடுங்கள் என்று நான்தான் விரட்டுவேன். நகராட்சி அலுவலகத்தில் மனுகூடக் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு மதியம் மூன்று மணிக்கு எங்கள் பக்கம் வெறும் தூறல்தான். கொடியில் கிடக்கிற துணியை எடுக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற அளவுக்குத் தூறல். மலையில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது எங்களுக்கு எப்படித் தெரியும்? குழாய் அடைத்துத் தண்ணீர் ரோட்டில் ஏறி, எங்கள் கீழ்த்தளத்துச் சரிவுப் பாதையில் இறங்கியது. இவர் மளமளவென்று இரண்டு காரை மேலே கொண்டுவந்து விட்டார். மூன்றாவது கார் பாதி வழியில் நின்றுவிட்டது. வெளியே தண்ணீர் முழங்கால் அளவுதான். ஆனால் கதவு திறக்கவில்லை. பத்து ஆள் வெளியே சாய்ந்து நிற்கிற மாதிரி இருந்ததாம். நல்லவேளை கண்ணாடி இறங்கியது. அது வழியாகக் குதித்து வெளியே வந்தார்.

மேலே வந்தால் காரின் சொந்தக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடி நிற்கிறார்கள். சாவியைக் கொடு, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஆளாளுக்குக் கை நீட்டினார்கள். போகாதீர்கள், கதவே திறக்காது என்று இவர் கும்பிட்டார். யார் கேட்டார்கள்? இரண்டாம் மாடிக்காரர் புதுக் கார் வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் இவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பத்தொன்பது வருஷமாக ஒரு சாவியைத் தொலைக்காத மனுஷன், பலகையை ஆணியோடு பிடுங்கித் தண்ணீரில் வீசினார். அதில் மாட்டியிருந்த அத்தனைச் சாவியும் போயிற்று. பிறகு ஓடிப்போய், மாடிப்படியில் கீழே இறங்குகிற வழியிலிருக்கும் கம்பிக் கதவைச் சாத்தி, “கீழ யாராச்சும் இருக்கீங்களா?” என்று இரண்டு தடவை கத்திப் பார்த்துவிட்டுப் பூட்டை அழுத்தினார். அந்தப் பூட்டின் சாவியும் அதே பலகையில்தான் இருந்தது.

கீழே நான் இருந்தேன்.

மூன்று மணிக்கு நான் நாலாம் மாடியில் துணி கொடுக்கப் போவேன் என்பது அவர் கணக்கு. போனேன்தான். தண்ணீர் என்று சத்தம் கேட்டதும், பதினொரு வீட்டுத் துணி மூட்டை தரையில் கிடக்கிறதே என்று படியில் இறங்கி ஓடிவிட்டேன். அடுத்தவர் துணியில் ஒரு கறை பட்டால் என் உயிரே போன மாதிரி எனக்கு. ஒன்பது மூட்டையை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன். அப்போதுதான் அவர் குரல் கேட்டது. ஒளிப்பானேன், இரண்டு தடவையும் நன்றாகவே கேட்டது. நான் இருக்கிறேன் என்று சொன்னால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவார். இன்னும் இரண்டு மூட்டைதானே என்று வாயை மூடிக்கொண்டேன். வாழ்க்கையில் நான் வாயை மூடியது அந்த ஒரு தடவைதான்.

பின்பக்கத்துச் சுவர் இடிந்தது. விளக்கு அணைந்தது. முழங்கால் தண்ணீர் கண்ணை மூடித் திறப்பதற்குள் மார்புக்கு வந்துவிட்டது. படியைத் தடவித் தடவி ஏறிக் கதவுக்கு வந்தால் பூட்டு. கத்தினேன். ஓடிவந்து என்னைப் பார்த்தவர் முகத்தை இந்த ஜென்மத்தில் மறக்க முடியாது. வெறுங்கையால் கம்பியைப் பிடித்து இழுத்தார். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது. தண்ணீர் படிப்படியாக ஏறியது. “போகாத, என்னைப் பாரு, என்னையே பாரு” என்று கம்பிக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சட்டையைப் பிடித்த அதே இரண்டாம் மாடிக்காரர்தான், மேலே நின்ற காரிலிருந்து ஜாக்கியை எடுத்து வந்து இரண்டு கம்பிக்கு நடுவில் வைத்துச் சுற்றினார். கம்பி வளைந்தது. தோல் உரிந்தாலும் உயிரோடு வெளியே வந்தேன். கால் மணி நேரத்தில் கீழ்த்தளம் கூரை வரை நிரம்பிவிட்டது.

பக்கத்துத் தெருவில் வண்டி எடுக்கக் கீழே இறங்கிய இரண்டு பேர் திரும்பி வரவில்லை. எங்கள் கட்டடத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. வீடு வீடாக வந்து இவரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். இவருக்கு அது எதுவும் காதில் ஏறவில்லை. “பூனைக்குக் குனிஞ்சு பாக்கிறவன், உனக்கு நாலு படி இறங்கிப் பாக்கலையே” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதன்பிறகு பேச்சும் குறைந்தது, சாப்பாடும் குறைந்தது. தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். உண்மையைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இவள் இவ்வளவுதானா என்று நினைத்துவிட்டால்? அந்தப் பயத்தில் நாலு மாதம் அவரை அணுஅணுவாக வேக விட்டேன், பாவி.

போன வாரம் காலையில் டீயைக் கொடுத்தேன். வேலையை விடப் போகிறேன், நான் சாவி வைத்திருக்க லாயக்கில்லாதவன் என்றார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“நீங்க கூப்பிட்டது எனக்குக் கேட்டுச்சு” என்றேன். “ரெண்டு தடவையும். நான்தான் குரல் குடுக்கல. ரெண்டு மூட்டை பாக்கி இருந்துச்சு.”

டம்ளரைக் கீழே வைத்தார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மூட்டைத் துணிக்காடி என்னை விட்டுட்டுப் போகப் பாத்த?”

பிறகு திட்ட ஆரம்பித்தார். அழுதுகொண்டே திட்டினார். புத்தியிருக்கா, ஊரான் துணி உனக்குப் பெரிசாப் போச்சா, நான் யாருடி உனக்கு என்று, இருபத்திரண்டு வருஷத்துக்கும் சேர்த்து. டீ ஆறி ஆடை கட்டியது. திட்டி ஓய்ந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பசிக்கிறது, ஏதாவது போடு என்றார். நாலு மாதத்தில் அவர் வாய்விட்டுக் கேட்டது அன்றைக்குத்தான்.