இரண்டு டேப்பும் ஒரு செக்கிங் மேசையும்

வெள்ளிக்கிழமை, காலை ஆறு மணி. மதுரை ஆரப்பாளையத்தில் திருப்பூர் பேருந்து கிளம்பியபோது கல்லூரியின் வீடியோ கேமரா என் மடியில் இருந்தது. கீழே வைக்க மனம் வரவில்லை. காட்சித் தொடர்பியல் இறுதியாண்டில் குழுவுக்கு ஒரு குறும்படம் எடுத்தாக வேண்டும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி, எல்லாம் கேசட்டில் பதிவான காலம். எங்களுக்குக் கொடுத்தது மூன்று நாளும் இரண்டு டேப்பும். டேப் ஒன்றுக்கு ஒரு மணி நேரம். திங்கள் காலை ஒன்பது மணிக்குள் கேமரா துறை அலமாரிக்குத் திரும்பாவிட்டால் மூவரும் பெயில். மூவர் என்றால் இயக்குநராகிய நான், ஒளிப்பதிவுக்குப் பாலா, கதாநாயகியாக வித்யா.

டிக்கெட் ஆளுக்கு எழுபத்திரண்டு ரூபாய். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாக ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். வழியெல்லாம் வித்யாவுக்குக் கதை சொல்லிக்கொண்டு வந்தேன். பனியன் கம்பெனியில் துணி சரிபார்க்கும் ஒரு பெண். பத்து நிமிடப் படம். முடிவில் அவள் கண்ணில் ஒரு துளி நீர். திருப்பூரை அதுவரை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமலே கடைசிக் காட்சி வரை எழுதி வைத்திருந்தேன், அவ்வளவு கெட்டிக்காரன். தாராபுரத்தில் ஏறிய பொங்கலூர் விவசாயி ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே வந்து, இறங்கப் போகும் நேரத்தில் மரியாதையாகச் சொன்னார்: “தம்பி, தப்பா நெனைச்சுக்காதீங்க. கம்பெனில அழுவறதுக்கு நேரம் எங்கீங்க இருக்குது?” வித்யா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

பகல் பதினொன்றரை. திருப்பூரிலிருந்து அவிநாசி சாலையில் டவுன் பஸ்ஸில் நான்கு கிலோமீட்டர் போனால் அனுப்பர்பாளையம். ஒரு தெருவில் பாத்திரம் தட்டும் சத்தம், அடுத்த தெருவில் தையல் மெஷின் சத்தம். நாங்கள் போன கம்பெனியில் நாற்பது மெஷின். முதலாளிக்கு நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். வித்யாவின் அப்பாவுக்குத் தெரிந்தவர். டீ வரவழைத்துக் கொடுத்தார். “படம் எடுக்கறது உங்க வேலைங்க, பனியன் பீஸ் ஓடறது எங்க வேலைங்க. ஒண்ணுக்கொண்ணு இடிக்காம இருந்தாச் சரிங்க” என்றார். ஷிப்மென்ட் நெருக்கடி என்பதால் ஞாயிறு பகல் வரை கம்பெனி ஓடும் என்றும் சொன்னார். அது எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு முதல் பாடம் கிடைத்தது. வித்யா பேசிய வசனம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. நாற்பது மெஷினும் சேர்ந்து அதை விழுங்கிவிட்டன. திடீரென்று கரண்ட் போய், ஊரே அடங்கியது போல அமைதி வந்தது. “பேசு, பேசு” என்று கத்தினேன். அவள் பேசினாள், குரல் கணீரென்று விழுந்தது, படம் மட்டும் கும்மிருட்டு. மூன்றாவது நிமிடம் ஜெனரேட்டர் உறுமியதும் வெளிச்சம் வந்தது, குரல் போனது. பாலாதான் மெல்லச் சொன்னான், குரலை இருட்டில் எடுத்துக்கொள்வோம், முகத்தை வெளிச்சத்தில் எடுப்போம், மதுரையில் ஒட்டிக்கொள்ளலாம் என்று. கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். எனக்கு அது அந்த இருட்டில்தான் புரிந்தது. அதன்பிறகு கரண்ட் எப்போது போகும் என்று ஆசையோடு காத்திருந்த ஆட்கள் திருப்பூரிலேயே நாங்கள் மூன்று பேராகத்தான் இருந்திருப்போம்.

சனிக்கிழமை, காலை ஆறு மணி. நொய்யல் பாலம். சாய நீர் கருஞ்சிவப்பாக ஓட, அதன் மேல் சூரியன் எழுந்தது. இரண்டாவது டேப்பின் தொடக்கத்தில் பதினொரு நிமிடம் எடுத்தோம். படத்தின் முதல் காட்சி அதுதான் என்று அங்கேயே முடிவு செய்தேன். என் வாழ்நாளில் எடுத்த அழகான காட்சி அது என்று இப்போதும் நம்புகிறேன். பிறகு மாலை வரை கம்பெனியில் எடுத்ததில் இரண்டு டேப்பும் நிறைந்துவிட்டன.

மாலை ஐந்து மணி, டீ இடைவேளை. எடுத்ததை எல்லாருக்கும் கேமராவின் சின்னத் திரையில் போட்டுக் காட்டினேன். பாராட்டு வாங்கும் ஆசைதான், வேறென்ன. செக்கிங் மேசையில் வேலை பார்க்கும் ஜெயராணி என்ற பெண்ணும் எட்டிப் பார்த்தாள். சாத்தான்குளம் பக்கத்துக்காரி, எங்கள் வயதுதான், மூன்று வருடமாக இங்கே வேலை. வித்யா உட்கார்ந்து நடித்தது அவளுடைய நாற்காலியில். பார்த்ததும் ஜெயராணி சிரிப்பை அடக்கத் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். என்னவென்று கேட்டேன். சொல்லத் தயங்கினாள். விடாமல் கேட்டேன்.

“குறை சொல்லுதேன்னு நெனைக்காதிய. இந்த அக்கா பீஸை மேல்பக்கம் மட்டும் பாத்துட்டு வச்சிர்றாங்க. நாங்க மொதல்ல உள்ளப் பொரட்டித்தான் பாப்போம். தப்பெல்லாம் உள்ளதான் கெடக்கும்.”

அப்போதுதான் மற்ற மேசைகளைப் பார்த்தேன். இரண்டு நாளாக அவர்கள் நடுவிலேயே இருந்தும் என் கண்ணில் படாதது அது. பீஸைக் கையில் எடுத்ததும் ஒரே உதறலில் உள்பக்கம் வெளியே வந்துவிடுகிறது. தையல்மேல் விரல் ஓடுகிறது. குறை இருந்தால் ஓர் அம்புக்குறி ஸ்டிக்கர், இல்லாவிட்டால் நல்ல அடுக்குக்கு. மதுரையில் யாருக்குத் தெரியப்போகிறது என்றான் பாலா. உண்மைதான், ஒருத்தருக்கும் தெரியாது. ஆனால் செக்கிங் பெண்ணைப் பற்றிய படத்தைப் பார்த்துச் செக்கிங் பெண் சிரிக்கிறாள் என்றால், அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? எனக்கு அவமானமாக இருந்தது.

ஞாயிறு, காலை எட்டு மணி. புது டேப் தேடிப் போனோம். முகூர்த்த நாள். ஒரு ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தது, ஆள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். மற்றொன்றில் பெரிய வீடியோ கேசட்தான் இருந்தது, அது எங்கள் கேமராவுக்குள் நுழையாது. ஒன்பதரைக்குக் கம்பெனிக்குத் திரும்பினோம். பகல் ஒரு மணிக்கு மதுரைப் பேருந்து. பழைய பதிவு எதையாவது அழித்து அதன்மேல் எடுப்பதைத் தவிர வழியில்லை. வித்யா தப்பாகச் செய்த இடங்கள் அவளுடைய முகத்தோடும் குரலோடும் கலந்து துண்டு துண்டாகக் கிடந்தன; ஒரே நீளமாக அழிக்கக்கூடியது எது என்று மூவருக்கும் தெரியும். வித்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது டேப்பை நானே ஆரம்பத்துக்கு ஓட்டினேன். நொய்யல் சூரியன் திரையில் ஒருமுறை பின்னோக்கி இறங்கியது.

வித்யாவுக்கு அந்த உதறல் வரவே இல்லை. முகம் அவளுடையது, கை ஜெயராணியுடையது என்று பிரித்துக்கொண்டோம். ஜெயராணி முதலில் மறுத்தாள். முகம் வராது என்றதும் ஒத்துக்கொண்டு, கட்டைவிரலில் இருந்த பழைய தீக்காயத் தழும்பைக் காட்டி, இதை வைத்து அம்மா கண்டுபிடித்துவிடுவாள் என்றாள். பாலா கேமராவை மேசைக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். உதறல், விரல், அடுக்கு. உதறல், விரல், அடுக்கு. நடிக்கச் சொல்ல எதுவும் இருக்கவில்லை. கண்ணீர்க் காட்சியை நான் மறந்தே போனேன்.

பகல் ஒரு மணி. முதலாளி அனுப்பிய இளநீரைக் குடித்துவிட்டு ஏறினோம். போகும்போது கதை சொல்லி ஓயாத என் வாய், வரும்போது மூடியிருந்தது. தாராபுரம் சாலையின் இரு பக்கமும் போகும்போது பார்க்காத சோளக்காடுகளைப் பார்த்தேன். திங்கள் காலை எட்டே முக்காலுக்குக் கேமராவை ஒப்படைத்தோம்.

படம் ஒன்பது நிமிடம் நாற்பத்தொரு நொடி வந்தது. திரையிட்ட அன்று, அந்தக் கைகள் வரும் இடம்தான் படத்தின் உயிர் என்றார் தேர்வாளர். ஜெயராணிக்கு ஒரு சிடி அனுப்பினேன். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குக் கொண்டுபோயிருக்கிறாள். ஒரு மாலையில் என் செல்போனுக்குக் காயின் பூத்திலிருந்து அழைத்தாள். படம் நல்லாயிருக்கிறது, அம்மா தழும்பைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றாள். பிறகு இன்னொரு காயின் விழும் சத்தம் கேட்டது.

“அண்ணே, அந்த நாலாவது பீஸ்ல கக்கத்துக்குக் கீழ அரை இஞ்ச் தையல் விட்டுப்போயிருக்கு. நான் நல்லதோட வச்சிட்டேன். கேமரா மேல கவனம் போயிட்டு. என் கையில அப்படிப் போனதே இல்ல. அதை மட்டும் எடுத்துருங்கண்ணே.”

நாற்பது தடவைக்கு மேல் நான் பார்த்த படம் அது. கல்லூரி எடிட்டிங் அறைக்குப் போய் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினேன். இருந்தது. தையல் பிடிக்காத அரை அங்குலமும், அதன்மேல் கடந்து போகும் அவள் விரலும். நொய்யல் சூரியனை அழித்து வாங்கிய காட்சியில் மூன்று நொடி. மார்க் வந்துவிட்டது, யாரும் கேட்கப் போவதில்லை. வெட்டினேன்.

புது சிடியை அனுப்பிப் பத்து நாள் கழித்து மறுபடியும் அழைத்தாள். இரண்டு தடவை போட்டுப் பார்த்ததாகச் சொன்னாள்.

“இப்ப சரியா இருக்குண்ணே.”

என் படம் அன்றைக்குத்தான் பாஸானது.