யப்பான் படகும் என் வெறுங்கொப்பியும்

1. முதல் நாள்

முதல் நாளே யப்பான்காரர் என் குறிப்புக் கொப்பியை வாங்கி மூடினார். தன் கண்ணைத் தொட்டுக் காட்டினார். பிறகு கொப்பியைத் தன் கருவிப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

கொலோனுக்கு அருகே ரைன் கரையில் ஒரு படகுப் பட்டறை. அங்கே நான் அப்போது பதினெட்டு வருடமாக ஹெல்ஃபர், அதாவது உதவியாள். வேலை தெரியும், தொழிற்சான்றிதழ் இல்லை. அது இல்லாதவனிடம் ஒரு படகையும் பொறுப்பாகத் தரமாட்டார்கள். ஐம்பது வயதில் அதை எடுத்துவிட வேண்டும் என்று நின்றேன். செஃப், எங்கள் பட்டறை முதலாளி, ஒரு வழி சொன்னார்.

"யப்பானிலயிருந்து ஒராள் வந்து ஆத்துப்படகு செய்யப்போறார். நீ கூட நில். கிழமைக்குக் கிழமை செய்த வேலையை எழுதி அவரிட்டைக் கையெழுத்து வாங்கு. அதை வைச்சுச் சோதனைக்கு அன்ட்ராக் போடலாம்."

அன்ட்ராக் என்றால் விண்ணப்பம். அதற்கான கொப்பிதான் பெட்டிக்குள் போனது. மூத்தவர்களோடு எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த புத்தி, பெட்டித் திறப்பை, அதாவது சாவியை, கேட்கவில்லை. மடையன்.

2. வாள்

நாலு மாதம் உளி மட்டும் தீட்டினேன். ஏதும் கேட்டால் முதுகைத் திருப்பிக்கொள்வார். ஆகவே பார்த்தேன். இரண்டு பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து இறுக்குவார். அந்த இடுக்குக்குள்ளேயே வாளை, மரமறுக்கும் ரம்பத்தை, ஓட்டுவார், இரண்டும் ஒன்றோடொன்று படியும்வரை. பிறகு விளிம்புகளைச் சுத்தியலால் தட்டி நசுக்குவார். தண்ணீர் பட்டால் நசுங்கிய மரம் ஊதி இடுக்கை அடைத்துவிடும். பசையும் இல்லை, தாரும் இல்லை.

ஒருநாள் காலை வாளை என் கையில் தந்துவிட்டுச் சிகரெட் பிடிக்க வெளியே போனார். வலப்பக்கப் பலகை அத்தனையும் நான் பொருத்தியது. படகை ரைனில் இறக்கி மறுநாள் பார்த்தோம், உள்ளே காய்ந்து கிடந்தது. என் பக்கத்தை ஒருமுறை தடவிப் பார்த்தார். வெறுங்கொப்பியைத் திருப்பித் தந்துவிட்டு நாட்டுக்குப் போய்விட்டார்.

3. கடிதம்

சோதனைக்கு விண்ணப்பிக்கும் அலுவலகத்தில் கொப்பி கேட்டார்கள். இல்லையென்றால் படிப்பித்தவரிடம் ஒரு கடிதமாவது வேண்டும் என்றார்கள். எழுதிக் கேட்டேன், பதில் வந்தது. பான் நகரில் வேலை செய்யும் மதுரைப் பொறியாளர் ஒருவர் யப்பானில் இருந்தவர், அவர் வாசித்துச் சொன்னார்.

"அண்ணே, 'நான் இவருக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கல, அவரே பாத்து எடுத்துக்கிட்டார்'னு எழுதியிருக்கார். அந்த ஊர்ல இதைவிடப் பெரிய சர்டிஃபிகேட் கிடையாது."

"தம்பி, அது அந்த ஊரிலை. இஞ்சை செல்லுமோ?"

செல்லவில்லை. "படிப்பிச்சவரே படிப்பிக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறார், நாங்கள் என்ன செய்யிறது?" என்றாள் அலுவலகப் பெண். அவளில் பிழையில்லை. யப்பான்காரரிலும் பிழையில்லை என்று மற்றவர்கள் சொல்லுவார்கள். நான் சொல்லமாட்டேன். ஒரு கையெழுத்துப் போட எவ்வளவு நேரம்?

ஹெல்ஃபராகவே ஓய்வு பெற்றேன். கடைசி வருடம் பட்டறையில் பயிற்சிக்கு இருந்த பெண்பிள்ளைக்கு அந்த வாள் ஓட்டத்தைக் காட்டிக்கொடுத்தேன். படம் போட்டு எழுதிக்கொண்டு வந்து, "நீங்கள்தானே காட்டினது, கையெழுத்துப் போடுங்கோ" என்றாள்.

"என்ர கையெழுத்து செல்லாது பிள்ளை. செஃபிட்டைக் கொண்டுபோ."

அந்த வாளைத் தொட்டும் பார்க்காத செஃப் கையெழுத்துப் போட்டார்.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளே, கண்ணால் எவ்வளவும் படியுங்கள். ஆனால் உங்கள் கொப்பியைப் பூட்டுகிறவர் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், அன்றைக்கே திறப்பைக் கேட்டு வாங்குங்கள்.